கிராண்ட் ஹார்ட்டோட 'தி ஆர்குமென்ட்': இருபது பாட்டுல ஒரு வீழ்ச்சி, அதுக்கு ஏன் டபுள் ஆல்பம் தேவைப்பட்டுச்சு?

ஹூஸ்கர் டூங்கிற அமெரிக்க பங்க் பேண்ட் வழியா கிராண்ட் ஹார்ட்ட தெரிஞ்சுக்கிட்டவங்க பலரும் 2013ல வந்த 'தி ஆர்குமென்ட்' ஆல்பத்துகிட்ட வந்ததும் அப்படியே நின்னுடறாங்க. டாமினோ லேபிள்ல வந்தது, மொத்தம் இருபது பாட்டு, எழுபது நிமிஷத்துக்கு மேல ஓடும். கதை 17ஆம் நூற்றாண்டுல எழுதின ஒரு ஆங்கிலக் காப்பியத்தோட கதை, ஜான் மில்டனோட 'பாரடைஸ் லாஸ்ட்'. ஒரு பாட்டு பளிச்சுன்னு பாப் மாதிரி இருக்கும், இன்னொண்ணு ராக்கபிலி (1950கள் காலத்து துள்ளலான ராக்), இன்னொண்ணு 1920கள்ல கேளிக்கை மேடையில பாடின வாடவில் மாதிரி. "இவர் பங்க் பேண்ட் டிரம்மர் தானே, இங்க என்ன பண்றார்?"ங்கிற குழப்பம் நியாயமானதுதான். அடிப்படையிலேர்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தா இந்த ஆல்பம் ஏன் இப்படி இருக்குன்னு புரியும், இது அவரோட முப்பது வருஷ வேலையோட உச்சம்ங்கிறதும் புரியும்.

முதல்ல, டபுள் ஆல்பம்னா என்ன?

பன்னிரண்டு இன்ச் எல்பி ரெக்கார்டு 1948ல வந்துச்சு. நிமிஷத்துக்கு 33 சுத்துக்கு கொஞ்சம் மேல சுத்தும். ஒரு பக்கத்துல நல்ல தரத்தோட சுமார் இருபது, இருபத்திரண்டு நிமிஷம் வைக்கலாம். அதுக்கு மேல திணிக்கணும்னா ஊசி ஓடற பள்ளம், அதாவது க்ரூவ், எல்லாத்தையும் நெருக்கி வெட்டணும், நெருக்கினா சத்தத்தையும் பேஸையும் குறைச்சே ஆகணும், இல்லன்னா ஊசி பக்கத்து க்ரூவுக்குத் தாவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. தட்டு ஒரே வேகத்துல சுத்தறதால, வெளி விளிம்புல ஒரு சுத்துக்கு ஊசி போற தூரம் நடுப்பக்கம் வரும்போது பாதிக்கும் கீழ குறைஞ்சிடுது. அதே ஒலியை சின்ன இடத்துல அடைக்கணும், அதனால ஒவ்வொரு பக்கத்தோட கடைசிப் பாட்டும் கொஞ்சம் மங்கலாத்தான் கேக்கும்.

ஆக நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல சொல்ல விஷயம் இருந்தா ரெண்டாவது தட்டு வேணும், அதுதான் டபுள் ஆல்பம். நாலு பக்கம், நாலு தொடக்கம், நாலு முடிவு. அச்சடிக்கிற செலவு கூடும், விலையும் கூடும், அதனால கம்பெனிகள் பொதுவா தயங்கும். 1982ல சிடி வந்தப்புறம் 74 நிமிஷம் ஒரே தட்டுல அடங்கிடுச்சு, ஹார்ட்டோட ஆல்பமும் சிடியில ஒண்ணுதான், எல்பியில ரெண்டு. அதனால 2013ல ஒருத்தர் டபுள் ஆல்பம் போடறார்னா அது இடம் பத்தாததால இல்ல, அந்த நீளத்தை அவரே வேணும்னு தேர்ந்தெடுத்திருக்கார்னு அர்த்தம்.

யார் இந்த கிராண்ட் ஹார்ட்

1961ல அமெரிக்காவோட மினசோட்டா மாநிலத்துல சவுத் செயின்ட் பால்ங்கிற ஊர்ல பிறந்தார். பத்து வயசுல அவரோட அண்ணன் குடிபோதையில வண்டி ஓட்டின ஒருத்தரால செத்துப் போனார், அண்ணனோட டிரம் செட் தம்பிக்கு வந்துச்சு. செயின்ட் பால்ல ஒரு ரெக்கார்டு கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தப்போ காலேஜ் படிக்க வந்த பாப் மோல்டை சந்திச்சார், கிரெக் நார்ட்டனும் சேர 1979ல ஹூஸ்கர் டூ ஆரம்பமாச்சு.

அந்த பேண்ட்ல பாட்டு எழுதினவங்க ரெண்டு பேர், கிட்டார் வாசிச்ச மோல்ட், டிரம் வாசிச்ச ஹார்ட். டிரம் அடிச்சுக்கிட்டே பாடுவார், அதுவும் வெறுங்காலோட. ஆல்பம் அட்டைகளோட வடிவமைப்பும் பெரும்பாலும் அவர் கைவேலைதான்.

1984ல எஸ்எஸ்டி லேபிள்ல 'ஜென் ஆர்கேட்' வந்துச்சு, அதுவும் டபுள் ஆல்பம்தான், இருபத்தி மூணு பாட்டு. வீட்டை விட்டு ஓடற ஒரு பையனோட கதை. மொத்த செலவு 3,200 டாலர், ரெண்டு பாட்டைத் தவிர எல்லாமே முதல் டேக், அதாவது முதல் தடவை வாசிச்சதே. ஹார்ட்கோர் பங்க்னா ரெண்டு நிமிஷத்துல கத்தி முடிக்கணும்ங்கிற காலத்துல எழுபது நிமிஷக் கதை சொன்னது பெரிய துணிச்சல். லேபிளே அதை நம்பல போல, முதல் தடவை சில ஆயிரம் பிரதிகள்தான் அடிச்சாங்க, அது சீக்கிரமே தீர்ந்துபோய் பேண்ட் டூர்ல இருக்கும்போது கடைகள்ல ஆல்பமே கிடைக்கல.

அந்த ஆல்பத்துல ஹார்ட் எழுதினதுல ஒண்ணு 'நெவர் டாக்கிங் டு யூ அகெய்ன்'. ரெண்டு நிமிஷம் கூட இல்ல, வெறும் அகூஸ்டிக் கிட்டார், டிரம்மே கிடையாது. டிரம்மர் எழுதின பாட்டுல டிரம் இல்ல! பாட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் வைக்கிற ஆள் இவர்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஏன் இவர் பேர் அடிபடல?

நல்ல பாட்டு எழுதற எல்லாருக்கும் பேர் கிடைக்கறதில்லங்கிறது உண்மைதான், ஆனா ஹார்ட் விஷயத்துல குறிப்பான காரணங்களே இருக்கு.

1. டிரம்மர்ங்கிற அடையாளம். பின்னாடி உக்காந்திருக்கறவர் பாட்டு எழுதுவார்னு கேக்கறவங்க நினைக்கறதில்ல. 1987ல வந்த 'வேர்ஹவுஸ்' டபுள் ஆல்பத்துல இருபது பாட்டுல ஒன்பது ஹார்ட்டோடது, பதினொண்ணு மோல்டோடது, கிட்டத்தட்ட சரிபாதி. இருந்தும் பேண்ட் பத்தி பேசறப்போ முதல்ல வர்ற பேர் மோல்ட்தான்.

2. பேண்ட் உடைஞ்சப்புறம் நடந்தது. 1988 தொடக்கத்துல கலைஞ்சாங்க. மோல்ட் 1992ல சுகர் பேண்டோட 'காப்பர் ப்ளூ' கொடுத்து பெரிய கவனம் வாங்கினார். ஹார்ட் 1989ல 'இன்டாலரன்ஸ்' தனி ஆல்பம் போட்டார், அதுல வாத்தியங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அவரேதான் வாசிச்சார். அப்புறம் நோவா மாப்ங்கிற பேண்ட் ஆரம்பிச்சு 1991ல ஒரு ஆல்பம் ரஃப் டிரேட் லேபிள்ல போட்டார், அதே வருஷம் அந்த லேபிளே திவாலாயிடுச்சு.

3. இடைவெளி. தனிப் பேர்ல வந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் 1989, 1999, 2009, 2013. நாலே நாலு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டற ஆளை பத்திரிகைகள் மறந்துடும், புதுசா கேக்க வர்ற தலைமுறைக்கு அறிமுகமே இருக்காது.

4. பழைய எஸ்எஸ்டி ஆல்பங்கள் பல வருஷமா ரீமாஸ்டர் ஆகாம (ஒலியைப் புதுசா சரி பண்ணாம) மெல்லிசான ஒலியிலேயே கிடந்துச்சு. ஹார்ட்டோட மெல்லிய மெட்டுக்கள் அந்த இரைச்சலுக்குள்ள புதைஞ்சுபோச்சு.

இதுல எனக்கு மூணாவதுதான் முக்கியமான காரணமா தோணுது. மத்ததெல்லாம் இருந்தும் வருஷா வருஷம் ஆல்பம் போட்டவங்க தாக்குப்பிடிச்சிருக்காங்க.

அவரோட தனித்தன்மை என்ன

இது புரிஞ்சா மட்டும்தான் 'தி ஆர்குமென்ட்' புரியும், அதனால இங்க கொஞ்சம் நின்னு பாக்கணும்.

ஹார்ட்டுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு, தப்பு பண்ணினவன் வாயிலேர்ந்தே பாடறது. 1983ல வந்த 'மெட்டல் சர்க்கஸ்' பதிவுல 'டயான்'னு ஒரு பாட்டு. அவரோட சொந்தப் பகுதியில உணவகத்துல பரிமாறிக்கிட்டிருந்த ஒரு பொண்ணை ஒருத்தன் கடத்திக் கொன்ன நிஜ சம்பவம் அது. பாட்டு அந்தப் பொண்ணுக்காக அழறதில்ல, கொலைகாரன் வண்டியில ஏறச் சொல்லி கூப்பிடற குரல்ல ஆரம்பிக்குது. மெட்டு இனிமையா இருக்கும், கேக்கறவங்க கூடவே முணுமுணுப்பாங்க, யார் குரலை முணுமுணுக்கறோம்னு உறைக்கும்போது வயித்தைப் பிசையும். நியாயப்படுத்தவும் இல்ல, தூரமா நின்னு கல்லெறியவும் இல்ல. உள்ள போய் நின்னு காட்டறார்.

'ஜென் ஆர்கேட்'ல 'பிங்க் டர்ன்ஸ் டு ப்ளூ'. அதிகமா போதை எடுத்து செத்துப்போற ஒரு பொண்ணு பத்தினது. தலைப்புல இருக்கிற ரெண்டு நிறம்தான் மொத்தக் கதையும், தோல் நிறம் மாறுது. அவ்வளவுதான். அதைப் பாக்கறவனோட மரத்துப்போன அமைதியில பாட்டு ஓடுது.

நோவா மாபோட 1991 ஆல்பத்துல பாம்பேய் நகரத்தை எரிமலை மூடின கி.பி. 79ஆம் வருஷக் கதைக்குள்ள, ஹிட்லருக்கு ராக்கெட் செஞ்சு கொடுத்துட்டு அப்புறம் அமெரிக்காவுக்கு வேலை செஞ்ச வெர்ன்ஹர் ஃபான் பிரவுனைக் கொண்டுவந்து விட்டார். மறுபடியும் மனசாட்சியில கறை இருக்கிற ஒரு ஆள்.

கொலைகாரன், போதைக்கு சாட்சியா நிக்கறவன், ராக்கெட் விஞ்ஞானி. இந்த வரிசையில அடுத்து யார்? எல்லாருக்கும் மூத்த குற்றவாளி, சொர்க்கத்துலேர்ந்து தள்ளிவிடப்பட்ட லூசிஃபர், அதாவது சாத்தான். 2013ல ஹார்ட் அங்கதான் போய் நின்னார்.

'ஆர்குமென்ட்'ங்கிற பேர் எங்கேர்ந்து வந்துச்சு

வாக்குவாதம்னு நினைச்சுக்கிட்டா பாதிதான் சரி. ஜான் மில்டன் கண் பார்வை முழுசா போனதுக்கப்புறம் வாயால சொல்லி எழுதவெச்ச 'பாரடைஸ் லாஸ்ட்' 1667ல வந்துச்சு. கடவுளை எதிர்த்துப் போர் செஞ்சு தோத்து நரகத்துல விழுந்த சாத்தான், பழிவாங்க ஆதாமையும் ஏவாளையும் கெடுக்கற கதை. படிச்சவங்களுக்கு கதை பிடிபடல, அதனால பதிப்பாளர் கேட்டு 1668ல ஒவ்வொரு காண்டத்துக்கும் உரைநடையில ஒரு கதைச்சுருக்கம் சேத்தாங்க. அந்தச் சுருக்கத்துக்குப் பேர்தான் 'ஆர்குமென்ட்'. நம்ம பழைய காப்பியங்கள்ல முன்னாடி பதிகம்னு ஒண்ணு வந்து மொத்தக் கதையையும் சொல்லிடுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆக ஹார்ட் தன் ஆல்பத்துக்கு வெச்ச பேருக்கு 'கதைச்சுருக்கம்'னும் ஒரு அர்த்தம் இருக்கு. ரொம்ப அடக்கமான பேர்.

நடுவுல இன்னொரு ஆளும் இருக்கார், எழுத்தாளர் வில்லியம் பரோஸ். ஹார்ட்டுக்கு அவரோட நட்பு இருந்துச்சு, நோவா மாப்ங்கிற பேரே பரோஸோட எழுத்துலேர்ந்து எடுத்ததுதான். மில்டன் கதையை அறிவியல் புனைகதை மாதிரி மாத்தி பரோஸ் ஒரு வரைவு எழுதி முடிக்காம விட்டுட்டு 1997ல இறந்துட்டார். பரோஸோட நெருங்கின உதவியாளர் மூலமா அந்த வரைவு ஹார்ட் கைக்கு வந்துச்சு, ஆல்பத்துக்கு பொறி அதுதான். ஆனா வேலை செய்யச் செய்ய அவர் மூல நூலுக்கே திரும்பிப் போயிட்டார்னு பாட்டு வரிசையைப் பாத்தாலே தெரியுது.

பாட்டு வரிசையை மில்டன் பக்கத்துல வெச்சுப் பாத்தா

இந்த ஆல்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. தலைப்புகள் சும்மா வெச்சதில்ல.

1. மூணாவது பாட்டு 'அவேக், அரைஸ்!'. முதல் காண்டத்துல நரகத்து நெருப்பு ஏரியில மயங்கிக் கிடக்கிற தன் படையை சாத்தான் எழுப்பற வரியிலேர்ந்து அப்படியே எடுத்தது.

2. ஆறு, ஏழு, எட்டு மூணையும் சேத்துக் கேக்கணும். 'ஐ ஆம் டெத்', 'சின்', 'லெட்டிங் மீ அவுட்'. ரெண்டாம் காண்டத்துல நரக வாசல்ல சாத்தானை மறிச்சு நிக்கறது மரணமும் பாவமும், சாவி பாவத்து கையில இருக்கு, அவதான் திறந்து விடறா. பாவத்துக்கு ஹார்ட் கொடுத்த இசை டேங்கோ மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வர்ற ஒரு கேபரே மெட்டு. கதவு திறந்ததும் வர்றது ராக்கபிலி, ஜெயில்லேர்ந்து வெளிய வந்தவன் குதிச்சு ஓடற மாதிரி ஒரு துள்ளல். முதல் தடவை கேக்கும்போது "என்னடா இது, சம்பந்தமே இல்லாம"ன்னு தோணின ஸ்டைல் மாற்றம், கதை தெரிஞ்சா அப்படியே பொருந்திடுது.

3. பத்தாவது 'கோல்டன் செயின்'. ரெண்டாம் காண்டம் முடியற இடத்துல சாத்தான் தூரத்துலேர்ந்து முதல் தடவையா இந்த உலகத்தைப் பாக்கறான், ஒரு தங்கச் சங்கிலியில சின்னதா தொங்கிக்கிட்டிருக்கு. அந்தக் காட்சியோட பேர்தான் இது.

4. 'வார் இன் ஹெவன்' பதினாலாவது. போர்தானே முதல்ல நடந்துச்சு, ஏன் இவ்ளோ தள்ளி வருது? மில்டனும் அப்படித்தான், கதையை நடுவுல ஆரம்பிச்சு, போரை ஆறாம் காண்டத்துல ஒரு தேவதூதன் ஆதாமுக்கு சொல்ற பழங்கதையா வெச்சார்.

5. 'அண்டர்னீத் த ஆப்பிள் ட்ரீ' பதினேழாவது. மனுஷ குலத்தையே கவுக்கப் போற இடம், அதுக்கு பயங்கரமான இசை எதிர்பார்ப்போம். ஹார்ட் கொடுத்தது பழைய காலத்து வாடவில் பாட்டு, கொஞ்சலா, நைசா. ஏமாத்தறவன் உறுமிக்கிட்டு வரமாட்டான்ல. முப்பது வருஷம் முன்னாடி 'டயான்'ல இனிமையான மெட்டை கொலைகாரன் வாயில வெச்ச அதே கை இது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு காலத்து இசைன்னு பிரிச்சுக் கொடுத்திருக்கார்ங்கிறது என்னோட வாசிப்பு. ஸ்டைல் சிதறிக் கிடக்குதுன்னு குறை சொன்னா, நாடகத்துல ஏன் எல்லாரும் வேற வேற உடை போட்டிருக்காங்கன்னு கேக்கற மாதிரி.

ரைமிங் சிக்கல்

இதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. மில்டன் தன் காப்பியத்துல இயைபே வேண்டாம்னு முடிவு பண்ணினவர், 1668ல அதுக்கு தனியா ஒரு குறிப்பே எழுதி ரைம்ங்கிறது ஒரு கைவிலங்குன்னு சொன்னார். ராக் பாட்டு ரைம் இல்லாம நிக்கறது கஷ்டம். அதனால ஹார்ட் செஞ்சது வெட்டி ஒட்டற வேலை இல்ல. பல பக்கம் நீளுற வாக்கியங்களை மூணு நிமிஷத்துல முடியற, இயைபோட திரும்பத் திரும்ப வர்ற வரிகளா மாத்தணும், அப்படி மாத்தும்போது கம்பீரம் சிதறக்கூடாது. சில இடத்துல சிதறத்தான் செய்யுது. ஆனா 'மார்னிங்ஸ்டார்' மாதிரி பாட்டுல லூசிஃபரோட அழகை தூய்மையான பாப் மெட்டுல வெச்சிருக்கறது மில்டனாலயே முடியாத ஒண்ணு, ஏன்னா ஹம் பண்ணத் தோணறதுங்கிறது பாட்டால மட்டும்தான் முடியும்.

சரி, ஏன் இவ்ளோ நீளம்?

மில்டனோட சாத்தான் ஒரே நாள்ல கேவலமாறதில்ல. தொடக்கத்துல தோத்தும் தலைகுனியாத தளபதி, படிக்கறவங்களே அவன் பக்கம் சாய்வாங்க. நாலாம் காண்டத்துல ஏதேன் தோட்டத்து மரத்து மேல நீர்க்காகம் மாதிரி உக்காந்திருக்கான், அதே காண்டத்துல தூங்கற ஏவாள் காதுகிட்ட தேரையா குந்திக்கிட்டு இருக்கான், ஒன்பதுல பாம்பு, பத்துல வெற்றிப் பேச்சு பேசி முடிச்சுட்டு கைதட்டலுக்குக் காத்திருக்கும்போது கேக்கறது சீறல் சத்தம் மட்டும்தான். படிப்படியா இறங்கற இறக்கம் அது.

இந்த இறக்கத்தை பத்து பாட்டுல சொல்ல முடியாது, சொன்னா கெட்டவன் கெட்டான்னு ஒரு செய்தியா முடிஞ்சிடும். முதல் அஞ்சாறு பாட்டுல லூசிஃபர் கூட சேந்து நாம பாடணும், அப்புறம் மெதுவா கை நழுவணும், எந்த இடத்துல நழுவிச்சுன்னு திரும்பிப் பாத்தா தெரியக்கூடாது. அதுக்கு நேரம் வேணும், அந்த நேரம்தான் ரெண்டாவது தட்டு.

குறை இல்லாம இல்ல. பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசிச்சதால ஒலி பல இடத்துல ஒல்லியா இருக்கு, நடுப்பகுதியில ரெண்டு மூணு பாட்டு ஒண்ணு மாதிரியே நகருது. பெரிய பட்ஜெட்டும் ஒரு முழு பேண்டும் கிடைச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஏக்கமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக நடுவுல வெட்டிக் கேக்காதீங்க. ஷஃபிள்ல போட்டா இந்த ஆல்பம் செத்துடும். முதல் தடவை பாட்டு வரிசை மாறாம ஒரே மூச்சுல, ரெண்டாவது தடவை மில்டனோட கதைச்சுருக்கத்தை பக்கத்துல வெச்சுக்கிட்டு கேளுங்க, அது சில பக்கம்தான்.

அதுக்கப்புறம்

அதே 2013ல அவரைப் பத்தி ஒரு ஆவணப்படமும் வந்துச்சு, விமர்சகர்கள் ஆல்பத்தை மதிச்சு எழுதினாங்க, விற்பனை பெருசா எதுவும் மாறல. 2017 செப்டம்பர்ல புற்றுநோயால இறந்துபோனார், வயசு 56. ரெண்டு மாசம் கழிச்சு ஹூஸ்கர் டூவோட ஆரம்பகாலப் பதிவுகள் பெரிய பெட்டித் தொகுப்பா வெளியாச்சு. அவர் உயிரோட இருக்கும்போது வந்த கடைசி தனி ஸ்டூடியோ ஆல்பம் 'தி ஆர்குமென்ட்'தான்.

அதோட கடைசிப் பாட்டோட பேர் 'ஃபார் தோஸ் டூ ஹை அஸ்பைரிங்'. இதுவும் மில்டன்தான், ஆறாம் காண்டத்து முடிவுல தேவதூதன் ஆதாமை எச்சரிக்கிற இடம். சொர்க்கத்துல நடந்த போரைப் பத்தியும், அளவுக்கு மீறி உயர ஆசைப்பட்டவங்களோட ஆழமான வீழ்ச்சியைப் பத்தியும் உனக்கு சொல்லிட்டேன்ங்கிறான். 'வார் இன் ஹெவன்'ங்கிற சொல்லும் அதே வாக்கியத்துல ரெண்டு வரி முன்னாடிதான் இருக்கு. ஹார்ட் அந்த சொற்றொடரை எடுத்துட்டு ஒரே ஒரு சின்ன சொல்லை மாத்தியிருக்கார், தமிழ்ல சொன்னா ஒரு வேற்றுமை உருபு. மில்டன்ல இருக்கறது உயர ஆசைப்பட்டவங்களோட வீழ்ச்சி. ஹார்ட் வெச்ச பேர், உயர ஆசைப்பட்டவங்களுக்காக.